தடிப் பின்னா, மெலிசுப் பின்னா

திருவண்ணாமலை,
14.7.2025, திங்கள்.

அன்பு மகள் எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் அப்பாவுக்கு உடம்பு சௌக்கியம், மண்டைதான் பத்து நாளாகச் சரியில்லை. நீ மும்பை மழையில் நனையாமல் வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றுமில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் நம் வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா? மொட்டை மாடியில் நின்று குசுகுசு என்று பேசினாலும் கீழே கூடத்தில் இருக்கிறவருக்குக் கேட்டுவிடும். வரப்பில் வரும்போதே கிணற்று மோட்டாரின் வியாதியைச் சொல்கிற காது அது. வாட்ஸப்பில் தட்டலாம் என்றால் என் விரல் நாலு வரிக்குமேல் தாங்காது. அதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'யாருக்கு மெசேஜு?' என்று வந்து நிற்பார். அதனால் பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டு முடித்தபிறகு, பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மூட்டையைத் திட்டு.

விஷயம் இதுதான். உன் அப்பா உனக்கு ஒரு மியூசிக் பிளேயர் வாங்கப் போகிறார். சாதாரணப் பிளேயர் இல்லை. விலையை எழுத மாட்டேன், எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் பண்ணவில்லை, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

நீயும் அவரும் பேசிப் பதினாறு மாதம் ஆகிறது எழில். வேலூர் பேங்க் வேலையை விட்டுவிட்டு, மும்பையில் படத்துக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டூடியோவுக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு இந்த வீடு பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. 'காதுல மாட்டிக்கினு குந்திக்கினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையா? காது எவனுக்காவது சோறு போடுமா?' என்று கத்தினார். முப்பது வருஷமாக ஸ்க்ரூ டிரைவர் நுனியை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, போனது பேரிங்கா காயிலா என்று சொல்லிச் சம்பாதித்த மனுஷன் அப்படிக் கேட்டபோது நான் சிரித்திருக்க வேண்டும். அழுதுவிட்டேன். நீயாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாயா? 'உங்களுக்குச் சோறு போட்டது எதுவாம்?' என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினாய். அவ்வளவுதான். இவர் ஒரு கல், நீ ஒரு கல், நடுவில் நான் மாவாக அரைபடுகிறேன்.

ஆனால் ஒன்று தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் பண்ணுகிறாயே, மணி அடித்ததுமே அவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவார். ஏன் என்று கேட்டால் குளிருதாம். அக்னி நட்சத்திரத்தில்கூடக் குளிரெடுத்தது அவருக்கு. பேச்சு முடிந்ததும்தான் ஃபேன் மறுபடி சுற்றும்.

போன மாதக் கடைசியில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீ சொன்னாய், உன் பழைய பிளேயர் செத்துப்போய்விட்டது என்று. நாள் முழுக்க வேலைக்காகக் கேட்கிறேன் அம்மா, எனக்காகக் கேட்பது அந்த ஒன்றரை மணி நேர ரயிலில் மட்டும்தான், இப்போது அதுவும் போச்சு என்று சொன்னாயே, அது அவர் காதில் விழுந்தது. மறுநாள் கீழ்பென்னாத்தூர் மோட்டார் ரிப்பேர்க் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, நேராகச் சின்னக்கடைத் தெருவுக்குப் போய் ஹபீப் பாய் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹபீப் பாயும் இவரும் இருபது வருஷத்துச் சிநேகிதம், உனக்குத் தெரியாததா. போனும் ஸ்பீக்கரும் விற்கிற அந்தக் கடையை இப்போது அவர் மகள் ஆஃப்ஷீன்தான் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த அதே ஆஃப்ஷீன். உன் அப்பா அவளிடம் தனக்குத்தான் பிளேயர் வேண்டும் என்றிருக்கிறார். ஹபீப் பாய் விட்டுவிடுவாரா? 'ஏன் ராமண்ணே, ரேடியோவுல நியூஸ் முடிஞ்சா பட்டுனு அமுத்துற ஆளு நீங்க, உங்களுக்கு என்னாத்துக்கு இது?' என்று கேட்டாராம். இவருக்கு முகம் செத்துவிட்டதாம். 'என் பொண்ணுக்கு' என்று அப்புறம் மெதுவாகச் சொன்னாராம். ஆஃப்ஷீன்தான் என்னிடம் சொன்னாள்.

அந்தப் பெண் சும்மா இல்லை. இதெல்லாம் படத்தைப் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை அங்கிள், காதில் மாட்டிக் கேட்டுத்தான் வாங்கணும் என்று சொல்லி, சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடமிருந்து இரண்டு பிளேயரைக் கேட்டுப் பார்க்க வரவழைத்துவிட்டாள். கூடவே ஒரு நல்ல ஹெட்போனும் கடையிலிருந்து கொடுத்தாள். இரண்டு வாரம் கெடு. வருகிற சனிக்கிழமைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒன்று கறுப்பு. செங்கல் மாதிரி கனம், சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் இறங்குகிறது. இன்னொன்று வெள்ளி நிறம், மெலிசு, சீட்டுக்கட்டு அளவுதான். பேர் இங்கிலீஷில் என்னவோ எண்ணும் எழுத்துமாக இருக்கிறது, எங்களுக்குக் கறுப்பு, வெள்ளி அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட ஆளில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் என்னையும் இழுத்துக்கொண்டு மலை சுற்றக் கிளம்பினார். பாதி வழி கறுப்பு, பாதி வழி வெள்ளி, அடி அண்ணாமலை டீக்கடையில் மாற்றிக்கொள்வது என்று திட்டம். பதினாலு கிலோ மீட்டருக்கு நானும் ஆடி அசைந்து கூடவே நடந்தேன். ஹெட்போன் மாட்டினவருக்குத் தான் பேசுவது தனக்கே கேட்காது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 'ஜோதி! இதுல பாடறவன் மூச்சு வாங்கறதுகூட கேக்குது!' என்று அவர் போட்ட சத்தத்தில், முன்னால் கண்ணை மூடி ஜபித்துக்கொண்டு போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

டீக்கடையில் எனக்கும் ஒரு தடவை வெள்ளியை மாட்டிவிட்டார். ஐயோ எழில், அதை எப்படிச் சொல்வேன்! சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுதான். கல்யாண வீட்டுக் குழாயிலும் பஸ்ஸிலும் ஆயிரம் தடவை கேட்டதுதான். ஆனால் அதைப் பாடின அம்மா என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து எனக்காக மட்டும் பாடுகிற மாதிரி இருந்தது. டீ ஆறிப்போனது தெரியவில்லை. உனக்கு அந்த ரயிலில் என்ன போயிற்று என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்காக ஒரு பாட்டு முழுக்க உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னார். வெள்ளிதானாம், சந்தேகமே இல்லையாம். ஆனால் மறுநாள் ஹபீப் பாய் கடைக்குப் போன இடத்தில் ஆஃப்ஷீன் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். வெள்ளியில் இவர் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். அடி அண்ணாமலை தாண்டி வண்டி ஜாஸ்தி ஆனதும் கை தானாகக் கூட்டியிருக்கிறது. சத்தம் துளி ஜாஸ்தியாக இருந்தாலே அதுதான் நல்ல பிளேயர் என்று காது ஏமாந்துவிடுமாம். அவள் அதைச் சொன்னதும் உன் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஏன் என்று உனக்குத் தெரியும். மோட்டார் சத்தமாக ஓடினால் பலமாக ஓடுகிறது என்று நினைக்கிற விவசாயிகளைத் தினம் தினம் திட்டுகிறவர் அவர்தானே! அதே தப்பைத் தானே பண்ணிவிட்டு வந்து நின்றார். இரண்டு நாள் நான் அதைச் சொல்லிச் சொல்லியே குழம்பு வைத்தேன்.

இரண்டிலும் ஒரே அளவு சத்தம் வைத்துக் கொடுத்துவிட்டு ஆஃப்ஷீன் இன்னொன்றும் சொன்னாளாம். பாட்டை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீங்க அங்கிள், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு சத்தத்தைப் போட்டுக் கேளுங்க என்று. நன்றாகத் தெரிந்த சத்தம் என்றால் இவருக்கு என்ன தெரியும்? மோட்டார் ஓடுகிற சத்தம்தான். அதற்கு எங்கே போவது என்று அவர் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தபோது எனக்கு உன் மேஜை டிராயர் ஞாபகம் வந்தது. மைக்கைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே சுற்றி, கிணறு கிணறாகப் பதிந்தாயே, அந்த மெமரி கார்டை நீ எடுத்துப் போகவில்லை. அந்த டிராயரிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக்கொண்டார்.

இதற்கு மேல் நடந்ததை நான் நிதானமாக எழுத வேண்டும். ஹெட்மாஸ்டர் அறிவுச்செல்வன் சார் முட்டைக் கணக்கு கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். நாளைக்கு எழுதுகிறேன்.

15.7.2025, செவ்வாய்.

அந்தக் கார்டில் நீ 'அப்பாதுரை கிணறு' என்று பேர் போட்டு ஒன்று வைத்திருந்தாய் அல்லவா? போன வருஷம் தைப் பொங்கல் கழிந்து, கீழ்பென்னாத்தூரில் அப்பாதுரை நிலத்துக்கு அப்பாவோடு போயிருந்தபோது பதிந்தது. உன் அப்பா போன புதன்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கறுப்பில் அதைப் போட்டார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு எதிரில் இருந்தேன். முதலில் சிரித்தார். ஸ்விட்சு போடுகிற சத்தம், தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம், அப்பாதுரை இருமுவது எல்லாம் அப்படியே கேட்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். திரும்பத் திரும்ப அதே இடத்தைப் போட்டார். ஏழெட்டுத் தடவை இருக்கும்.

'ஏங்க, என்னா ஆச்சு?' என்று கேட்டேன். ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினார். எனக்கு மோட்டார் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் உன் குரல் வந்தது எழில். 'அப்பா, உள்ள கிறுகிறுன்னு ஏதோ கேக்குதுப்பா' என்கிறாய். அதற்கு இவர் குரல், 'ஒண்ணும் இல்ல. மோட்டார்னா சத்தம் வரும். உனக்கு என்னா தெரியும், மைக்கப் புடிச்சிக்கினு அப்பால நில்லு.'

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் அப்பாதுரை மோட்டார் எரிந்துபோனது. உனக்கு நினைவிருக்கும். பூ பிடித்த வேர்க்கடலை தண்ணீரில்லாமல் வாடியது. பேரிங் பார்க்காமல் விட்டுட்டே மெக்கானிக்கு என்று அவர் கேட்க, வோல்டேஜ் கம்மியா வந்ததுக்கு நான் என்னா பண்றது என்று இவர் எகிற, இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அந்தக் கோபம் ஆறாமல் இருந்த வாரத்தில்தான் நீ வேலை விஷயத்தை எடுத்தாய்.

அந்தக் கிறுகிறு சத்தம் கறுப்பில் பளிச்சென்று கேட்கிறதாம். பேரிங்கில் ஒரு குண்டு உடைந்தால் வருகிற சத்தமாம் அது. வெள்ளியில் போட்டுப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது, கவனித்தால்தான் தெரிகிறது என்றார். 'அன்னிக்கு நான் கிணத்தாண்டதான் நின்னேன் ஜோதி. ஸ்க்ரூ டிரைவர் பையிலதான் இருந்துச்சு. வெச்சிப் பாக்கல. அவளுக்கு வெறுங்காதுல கேட்டிருக்குது' என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது வருத்தம் மட்டும் இல்லை. பெருமை. சத்தியமாகச் சொல்கிறேன், நீ பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை.

மறுநாள் பௌர்ணமி. ஊரே வண்டியும் ஜனமுமாக அடைத்துக்கிடந்தது. அதெல்லாம் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய், நேராக அப்பாதுரை நிலத்தில் இறங்கி, 'தப்பு என்னுதுதான். பேரிங்கு போயிருந்துச்சு, நான் பாக்கல' என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? 'ஏன்யா மெக்கானிக்கு, மோட்டாரு செத்து ஒண்ணர வருஷம் கழிச்சித் துக்கம் விசாரிக்க வந்தியா?' என்று கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாராம். இவரும் சிரித்தாராம். வேகவைத்த கடலை, மோர் எல்லாம் கொடுத்து, ஒரு மூட்டை கடலையையும் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். வாசலில் வந்து இறங்கியபோது மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்திருந்தது.

சரி, அப்பாதுரையிடம் சொல்ல வந்த வாய், பெற்ற பெண்ணிடம் சொல்ல வருமா? வராதே! 'அவகிட்ட நீ சொல்லிடேன்' என்றார். வாய் உங்களுக்கும் இருக்குதில்ல என்றேன். அதற்குப் பிறகு ஒரு யோசனை கண்டுபிடித்தார் பாரு, அப்படி ஒரு யோசனை. பிளேயரை வாங்கி, அனுப்புகிறவர் பேர் இல்லாமல் கூரியரில் போட்டுவிடுவாராம். உனக்கு அது யார் அனுப்பியது என்று தானாகப் புரியுமாம். ஊர் பேர் தெரியாத பார்சல் வந்தால் உங்க பொண்ணு போலீசுக்குத்தான் போன் பண்ணுவா என்று சொல்லி அதை அமுக்கினேன்.

எந்தப் பிளேயர் என்பதும் தீரவில்லை. அவருக்குக் கறுப்பு. உண்மையைச் சொல்லுதாம், ஒன்றையும் மறைக்காதாம். எனக்கு வெள்ளி. நாள் முழுக்க ஸ்டூடியோவில் குறை கண்டுபிடித்துவிட்டு ரயில் ஏறுகிற பிள்ளைக்கு அங்கேயும் குறையைக் காட்டுகிற பெட்டி எதற்கு, இதமாகப் பாடுவது போதாதா என்பது என் கட்சி. சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் இதே சண்டைதான். இப்படி சந்தோஷமாகச் சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று!

கடைசியில் ஆஃப்ஷீன்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். எழில் அக்கா வச்சிருக்கிற ஹெட்போனுக்கு எந்தப் பின் அங்கிள் என்று கேட்டாள். ஒயர் நுனியில் சொருகுகிற பின்னில் தடிப் பின் என்று ஒன்று, மெலிசுப் பின் என்று ஒன்று உண்டாம். கறுப்பில் இரண்டுக்கும் ஓட்டை இருக்கிறது, ஆனால் அதன் முழு பலமும் தடிப் பின்னில்தான். வெள்ளியில் மெலிசு ஓட்டை மட்டும்தான். உன்னிடம் இருப்பது தடியாக இருந்தால் கறுப்பு, மெலிசாக இருந்தால் வெள்ளி. இதில் சண்டைக்கே இடமில்லை. உன்னைக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. ஆஃப்ஷீனையே கேட்கச் சொன்னார். அவளுக்கு நான் முன்னாடியே போன் பண்ணி, நீ வாயைத் திறந்தால் ரம்ஜானுக்கு உன் வீட்டுப் பிரியாணியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் உன் நம்பர் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண். என்னைக் கேட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், போன தீபாவளிக்கு வீடியோவில் உன் ஹெட்போனைக் காட்டினாய், இவ்வளவு தடிப் பின்னா என்று நான்கூடக் கேட்டேன். எனக்குத் தெரியும். ஆனால், 'எனக்கு என்னாங்க தெரியும் பின்னும் ஊக்கும்? உங்க பொண்ணையே கேளுங்க' என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் இதுதான். அருணாசலேஸ்வரர் மன்னிப்பார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

மனுஷன் சும்மா இருந்தாரா? செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வெள்ளைக்காரர் ஒருத்தர் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவரிடம் போய்ப் பின்னைக் காட்டச் சொல்லியிருக்கிறார். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் எந்தப் பின் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போனாராம்! அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் வராது. அவர் ஹெட்போனில் ப்ளூடூத், பின்னே கிடையாது. அதற்குள் கடையின் தண்ணி மோட்டார் இழுத்து இழுத்து ஓடுவது இவர் காதில் விழ, அதைக் கழற்றி, சரி பண்ணி, ஓசிக் காபி குடித்துவிட்டு வீடு வந்தார். பின் விஷயம் போன இடத்திலேயே நின்றது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது திடீரென்று கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசினேனே, உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எதிரில் உன் அப்பா இரண்டு விரலை நீட்டி, தடியா மெலிசா என்று கேள், கேள் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரியே இருந்தேன். கடைசியில், 'ஏங்க, கைல என்னா எறும்பு கடிச்சிச்சா, இப்படி உதர்றீங்க?' என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். நீகூட என்னம்மா சிரிக்கிறே என்று கேட்டாய். அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் ஃபேனைப் போடவில்லை.

இன்றைக்குக் காலையில் அவர் சட்டையை ஊறப்போடப் பையைத் துழாவினேன். ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, ஏதோ பில்லின் வெள்ளைப் பக்கம். அதில் பென்சிலால் மூன்று வரி. ஒன்று, எந்தப் பின். இரண்டு, மழை ஜாஸ்தியா. மூன்று, அப்பாதுரை மோட்டார். மூன்றாவதை அடித்திருக்கிறார். கீழே திரும்ப எழுதி, அதையும் அடித்திருக்கிறார். அதற்கும் கீழே மறுபடி எழுதி, அதை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறார். நான் அதைப் பார்த்துக்கொண்டு பக்கெட் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டேன். அப்படியே மடித்து, அவர் போட்டுக்கொள்ளப் போகிற சட்டையின் பையில் வைத்தேன்.

ஆகவே அவர் உனக்குப் போன் பண்ணப் போகிறார் மகளே. சனிக்கிழமை கெடு என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் போனை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருப்பார். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். சாயங்காலம் ஆஃப்ஷீனிடம் கொடுத்துக் கூரியரில் போடச் சொல்லப் போகிறேன். வெள்ளிக்கிழமை வேலை இருந்தாலும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். அவர் பேர் அதில் வந்தால் பதறாதே, நான் நன்றாகத்தான் இருப்பேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு மாதத்தில் ஒரு தடவை, 'அப்பாகிட்ட குடும்மா' என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நீ அவர் பெண்தானே. போனது போகட்டும். நான் அன்னைக்கே சொன்னேனே என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. அதை அவரே சொல்லட்டும். அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. குடையை ரயிலில் விட்டுவிடாதே. அப்பாதுரை கொடுத்த கடலையில் உருண்டை பிடித்து பிளேயர் கூடவே அனுப்புகிறேன். உன் காது நன்றாக இருக்கட்டும், உனக்குப் பிடித்த வேலை உன்னைப் பிடித்துக்கொள்ளட்டும், தீபாவளிக்கு இந்த வீட்டில் மூன்று இலை விழட்டும். அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒரே ஒரு வரம் கேட்கிறேன் கண்ணே. போனை எடுத்ததும் அவர் முதலில் பின்னைத்தான் கேட்பார். தடிப் பின் என்று நீ சொல்லிவிட்டால், 'சரி' என்று சொல்லி வைத்துவிடுவார், அவ்வளவுதான், இன்னொரு பதினாறு மாதம். அதனால் தெரியாது என்று சொல், பெட்டிக்குள் இருக்கிறது, தேடணும் என்று சொல், மழையைப் பற்றிப் பேசு, என்ன வேண்டுமானாலும் பேசு. மூன்றாவதை அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு அடுப்படியில் நிற்கப்போகும்
உன் அம்மா,
ஜோதியம்மாள்